‘கண்டுபிடித்தவர்’ என்ற கட்டம்

என் மகள் ஒரு பெரிய கம்பெனியில் சாஃப்ட்வேர் இன்ஜினியர். வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். ஆள் எடுக்கும் சமயங்களில் அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நேர்காணல் நடத்துவது கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் எனக்குக் கேட்கும். போன மாதம் ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது, “நீங்கள்லாம் அப்ப எப்படிப்பா ஆள் எடுத்தீங்க? கேள்வி கேட்டீங்களா, இல்ல சிபாரிசுதானா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். நானும் சிரித்து வைத்தேன். சாப்பிட்டு முடிப்பதற்குள் சொல்லிவிடக்கூடிய விஷயமாக அது இல்லை. அதனால் எழுதுகிறேன்.

சாஃப்ட்வேர் என்ற சொல் எங்களிடம் அப்போது புழங்கவில்லை. நான் புரோகிராமர். மதுரையில் பல ஆயிரம் பேர் வேலை பார்த்த ஒரு மில் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் அந்த வேலையைச் செய்தேன். கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம்.

எழுபத்தொன்றில் கணிதத்தில் பட்டம் வாங்கிய கையோடு அந்த மில்லின் டைம் ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். பரவையிலிருந்து காலை முதல் பஸ்ஸில் வருவேன். தொழிலாளிகள் உள்ளே வருவதையும் வெளியே போவதையும் பதிவு செய்கிற இடம்தான் டைம் ஆபீஸ். ஒவ்வொருவருக்கும் எண் பொறித்த பித்தளை டோக்கன் உண்டு. ஷிஃப்ட் முடிந்ததும் குவிந்து கிடக்கும் டோக்கன்களை எண் வரிசைப்படி பலகையில் மாட்ட வேண்டும். மூன்று வருடம் அதைச் செய்தேன்.

எழுபத்து நான்கில் தலைமை அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. ஆள் குறைப்புக்குத்தான் வருகிறது என்று மில் கேட்டில் கூட்டம் போட்டுப் பேசினார்கள். புரோகிராமர் வேலைக்கு உள்ளேயிருந்தே இரண்டு பேரை எடுக்கப்போவதாகச் சுற்றறிக்கை வந்தபோது, எங்கள் டைம் ஆபீசிலிருந்து நான் மட்டும்தான் மனுப் போட்டேன்.

நேர்காணல் நடத்தியவர் வேதாசலம் சார். கம்ப்யூட்டர் பிரிவுக்கென்று பம்பாயிலிருந்து வரவழைக்கப்பட்ட மேனேஜர். பிறந்தது அழகர்கோவில் சாலையில் ஏதோ ஓர் ஊர் என்று சொல்வார்கள். பேச்சில் ஊர் வாடை அதிகம் இருக்காது. என் சர்டிபிகேட்டுகளை அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை. மேசை மேல் ஒரு பை நிறைய மூன்று இலக்க டோக்கன்களைக் கொட்டினார்.

“இதை எண் வரிசையில அடுக்கணும். எப்படி அடுக்குவீங்கன்னு வாயால சொல்லுங்க. கை வைக்கக்கூடாது.”

“முதல்ல கடைசி இலக்கத்தைப் பார்த்துப் பத்துக் குவியலாப் பிரிப்பேன் சார். அதை அப்படியே ஒண்ணு மேல ஒண்ணா வச்சு, நடு இலக்கத்தைப் பார்த்துத் திரும்பப் பத்தாப் பிரிப்பேன். அப்புறம் முதல் இலக்கம்.”

“எல்லாரும் முதல் இலக்கத்துலதானே ஆரம்பிப்பாங்க?”

“அப்படிப் பிரிச்சா ஒவ்வொரு குவியலுக்குள்ளயும் திரும்பப் பத்துக் குவியல் வரும் சார். மேசை பத்தாது.”

அவர் தாளில் என்னவோ எழுதிக்கொண்டு, போகலாம் என்றார். ஒரு வாரத்தில் ஆர்டர் வந்தது. கம்ப்யூட்டருக்கான ஓட்டை போட்ட அட்டைகளைப் பிரிக்கும் இயந்திரமும் கடைசி இலக்கத்திலிருந்துதான் தொடங்குகிறது என்பதை மெட்ராசில் பயிற்சிக்குப் போனபோது தெரிந்துகொண்டேன். பயிற்சி மூன்று மாதம். கோபால் என்ற கம்ப்யூட்டர் மொழியைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினேன். “மாப்ள, மெட்ராசுல கோபால்னு ஒருத்தர்ட்ட படிச்சியாமே, யாருப்பா அவரு?” என்று டைம் ஆபீஸ் நண்பர்கள் ரொம்ப நாள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இன்று என் மகள் தட்டிய அடுத்த நொடியில் விடை பார்க்கிறாள். எங்களுக்கு ஒரு புரோகிராம் என்றால் பத்து நாள். முதலில், இந்தப் புரோகிராம் என்ன செய்யப்போகிறது என்று ஒரு முழுப் பக்கம் எழுத வேண்டும். இங்கிலீஷோ தமிழோ, எதுவானாலும் சரி. வேதாசலம் சார் அதைப் படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கட்டம் போட்ட தாளில் வரிவரியாகப் புரோகிராம் எழுதலாம். அந்தத் தாள்கள் பஞ்ச் அறைக்குப் போகும். அங்கே எட்டுப் பெண்கள். ஒருவர் தாளைப் பார்த்து இயந்திரத்தில் அடிக்க, அட்டையில் ஓட்டைகள் விழும். ஓர் அட்டைக்கு எண்பது இடம். அதே தாளைப் பார்த்து இன்னொருவர் வேறோர் இயந்திரத்தில் மறுபடி அடிப்பார். இரண்டும் ஒத்துப்போனால்தான் அட்டை தேறும். தேறிய அட்டைக்கட்டின் மேல்விளிம்பில் பென்சிலால் ஒரு சாய்கோடு இழுத்துவிடுவோம். கட்டு கைதவறி விழுந்தால், அந்தக் கோட்டைப் பார்த்துத் திரும்ப அடுக்கிவிடலாம்.

வேதாசலம் சாரின் முறை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. நாங்கள் எழுதிய புரோகிராமை அச்சடித்துக் கொண்டுபோய் நீட்டினால், ஒரு மர ஸ்கேலை முதல் வரிக்குக் கீழே வைப்பார். படிப்பார். ஸ்கேலை ஒரு வரி இறக்குவார். நாம் எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டும். தப்பு இருக்கிற வரியில் ஸ்கேல் நின்றுவிடும். ‘தப்பு’ என்று ஒருநாளும் சொன்னதில்லை. “இங்க என்ன நினைச்சு எழுதினீங்க?” என்று மட்டும் கேட்பார். நேற்றுச் சேர்ந்த பஞ்ச் ஆபரேட்டர் வரைக்கும் எல்லோரையும் ‘நீங்க’ என்றுதான் சொல்வார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஆனால் அந்த ஸ்கேல் நின்றால் போதும், நாற்காலி நுனிக்கு வந்துவிடுவேன்.

அவர் ஏற்படுத்திய இன்னொன்று பிழைப் பதிவேடு. கெட்டி அட்டை போட்ட நீளமான நோட்டு. தேதி, புரோகிராமின் பெயர், என்ன பிழை, கண்டுபிடித்தவர், என்ன செய்யப்பட்டது என்று ஐந்து கட்டங்கள். பிழை செய்தவர் யார் என்பதற்குக் கட்டம் கிடையாது. அது அவர் வேண்டுமென்றே விட்டது. “யார் செஞ்சாங்கன்னு எழுத ஆரம்பிச்சா எல்லாரும் மறைக்க ஆரம்பிப்பாங்க. கண்டுபிடிச்சவங்க பேரை எழுதினா எல்லாரும் தேடுவாங்க” என்றார். மாதம் ஒருமுறை எல்லோரையும் கூட்டி அந்த மாதத்துப் பதிவுகளை வாசிப்பார்.

பஞ்ச் அறையில் பஞ்சவர்ணம் என்று ஒருவர் இருந்தார். ‘பஞ்ச் வர்ணம்’ என்று எல்லோரும் கேலி செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். பதினோராம் வகுப்பும் டைப்ரைட்டிங்கும் படித்தவர். அவருடைய அப்பா எங்கள் மில்லில் நூற்புப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறந்துபோனார். வாரிசு என்ற முறையில் மகளுக்கு இந்த வேலையைக் கொடுத்திருந்தார்கள். வேகமாகவும் பிழையில்லாமலும் அடிப்பார். அடிப்பதோடு நிற்காமல், என்ன அடிக்கிறோம் என்று படிக்கவும் செய்வார். “சார், நேத்து நீங்க எழுதினதுல இதே பேருக்கு வேற எழுத்து போட்டிருந்தீங்க” என்று தாளைத் தூக்கிக்கொண்டு வருவார். சில புரோகிராமர்களுக்கு அது பிடிக்காது. எனக்குப் பிடித்திருந்தது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எழுபத்தெட்டு கடைசியில் எனக்கு ஒரு வேலை வந்தது. அடுத்த வருடம் ஐம்பத்தெட்டு வயது முடிந்து ஓய்வுபெறப் போகிறவர்களின் பட்டியலை அதுவரை டைம் ஆபீசில் கையால் எழுதுவார்கள். இனி அதைக் கம்ப்யூட்டரே அச்சடிக்கட்டும் என்று முடிவாயிற்று. டைம் ஆபீசிலிருந்து வந்தவன் என்பதால் என்னிடம் கொடுத்தார்கள். சின்னப் புரோகிராம்தான். ஒவ்வொரு தொழிலாளிக்கும் உள்ள அட்டையில் பிறந்த தேதியைப் பார்த்து வயதைக் கணக்கிட வேண்டும், அவ்வளவே. ஆனால் நாற்பத்து மூன்று அட்டைகளில் பிறந்த தேதி இல்லை. அந்த இடம் காலியாக இருந்தது.

நான் யாரையும் கேட்கவில்லை. டைம் ஆபீசில் மூன்று வருடம் இருந்தவனுக்குத் தெரியாததா என்ற எண்ணம். நான் பார்க்க மில்லில் சேர்ந்தவர்களுக்கெல்லாம் இருபது வயதுக்குக் குறையாது. எனவே, பிறந்த தேதி இல்லாவிட்டால் சேர்ந்தபோது வயது இருபது என்று வைத்துக்கொள் என்று ஒரு வரி எழுதினேன். வேதாசலம் சாருக்குக் கொடுத்த பக்கத்தில் அந்த விதியைத் தனியாகச் சொல்லாமல், ‘தேதி இல்லாதவர்களுக்குச் சேர்ந்த வருடத்தை வைத்துக் கணக்கிடப்படும்’ என்று மட்டும் எழுதியிருந்தேன். அதை ஏற்கெனவே படித்திருந்ததாலோ என்னவோ, புரோகிராமின் அந்த வரியில் ஸ்கேல் நிற்காமல் கடந்து போனது.

பட்டியல் அச்சாகி வந்தது. மாலையில் அது மில்லுக்குப் போய் நோட்டீஸ் போர்டில் ஏறும். அச்சுத் தாள்களுக்கு நடுவே இருக்கும் கார்பன்களை உருவிப் பிரதிகளைத் தனித்தனியாக அடுக்குவது பஞ்ச் அறைப் பெண்களின் வேலை. மத்தியானம் நான் டிபன் பாக்ஸைத் திறக்கும் நேரத்தில், விரல்களில் கார்பன் கறையோடு பஞ்சவர்ணம் வந்து நின்றார்.

“சார், ஒரு நிமிசம். இதுல சடையாண்டின்னு ஒரு பேர் இருக்கு. எங்க தெருக்காரரு. நான் சித்தப்பான்னு கூப்பிடுவேன்.”

“சரி.”

“அவருக்கு எங்க அப்பாவைவிட நாலு வயசு கம்மி சார். எங்க அப்பா இருந்தா இப்ப அம்பத்தஞ்சு. இவருக்கு எப்படி அம்பத்தெட்டு ஆகும்?”

அட்டையில் தேதி இல்லை, சேர்ந்த வருடத்தை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறது என்றேன். சேர்ந்தபோது எத்தனை வயது என்று போட்டிருக்கிறது என்று கேட்டார். இருபது என்றேன்.

அவர் கொஞ்சநேரம் பட்டியலையே பார்த்தார். “தேதி இல்லாதவங்க அம்புட்டுப் பேரும் சின்னப் பிள்ளையா சேர்ந்தவங்க சார். பள்ளிக்கூடம் போயிருந்தா சர்டிபிகேட் இருக்கும், சர்டிபிகேட் இருந்தா தேதி இருக்கும்ல. எங்க அப்பாவும் சடையாண்டி சித்தப்பாவும் பதிமூணு வயசுல சேர்ந்தாங்க. அப்பல்லாம் அரை ஷிஃப்டுக்குப் பிள்ளைகளை எடுப்பாங்களாம்.”

டிபன் பாக்ஸை மூடினேன். தேதி இல்லாதது ஒரு தற்செயல் என்று நான் நினைத்திருந்தேன். அது தற்செயல் இல்லை. எந்தக் காரணத்தால் அந்த இடம் காலியாக இருந்ததோ, அதே காரணத்தால்தான் என் இருபதும் பிழையாகப் போனது. பஞ்சவர்ணம் அதை நின்ற இடத்தில் சொல்லிவிட்டார்.

பட்டியலை அனுப்ப வேண்டாம் என்று நிறுத்திவிட்டு மில் டைம் ஆபீசுக்கு ஓடினேன். பழைய சேர்க்கைப் பதிவேடுகள் பீரோவின் அடித்தட்டில் இருந்தன. என் விதியால் பட்டியலில் ஏறியிருந்தவர்கள் பதினோரு பேர். அவர்களில் ஒன்பது பேரின் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ‘பை’ என்று ஓர் எழுத்து இருந்தது. பையன் என்பதன் சுருக்கம். மூன்று வருடம் அதே அறையில் உட்கார்ந்திருந்தும் அந்த நோட்டை நான் திறந்து பார்த்ததில்லை. மற்ற இருவரை நேரில் கூப்பிட்டு விசாரிப்பதாக டைம் ஆபீசில் எழுதிக்கொண்டார்கள். ஒன்பது பேர், இன்னும் ஆறேழு வருடம் வேலை இருக்கிறவர்கள், அன்று மாலை நோட்டீஸ் போர்டில் தங்கள் பெயரைப் பார்த்திருப்பார்கள். கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது என்றால் எதிர்த்துக் கேட்கத் தெரியாத ஆட்கள். அவர்கள் பக்கத்தில் காகிதம் ஏதும் கிடையாது.

அலுவலகம் திரும்பி அந்த வரியை நீக்கினேன். தேதி இல்லாதவர்களின் பெயர்கள் தனித்தாளில் வரும்படியும், அவற்றை டைம் ஆபீஸ் பதிவேட்டைப் பார்த்துக் கையால் முடிவு செய்யும்படியும் மாற்றினேன். பிறகு பிழைப் பதிவேட்டைத் திறந்தேன்.

நான்காவது கட்டத்துக்கு வந்தபோது பேனா நின்றது. எவ்வளவு நேரம் நின்றது என்று சொல்ல முடியாது. அவர் கேள்விதானே கேட்டார், புரோகிராமில் எந்த வரி என்று பார்த்தது நான்தானே, பதிவேடுகளைத் தேடிப்போனது நான்தானே என்று எனக்குள் ஓடியது. பஞ்ச் ஆபரேட்டர் பெயர் அதுவரை அந்தக் கட்டத்தில் வந்ததில்லை என்பதும் ஓடியது. என் பெயரை எழுதினேன்.

அந்த மாதக் கூட்டத்தில் வேதாசலம் சார் வாசித்தார். வழக்கமாக அடுத்த பதிவுக்குப் போய்விடுகிறவர் அன்று நோட்டிலிருந்து தலை தூக்கினார். “சொந்தப் புரோகிராம்ல பிழையைத் தானே கண்டுபிடிச்சு, பட்டியல் வெளியே போறதுக்குள்ள நிறுத்தியிருக்காரு. இது சாதாரணம் இல்ல” என்றார். பஞ்ச் அறைப் பெண்கள் பின்வரிசையில் சுவரோரமாக நின்றிருந்தார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த சித்திரையில் சீனியர் புரோகிராமர் ஆனேன். அதற்கு இது மட்டுமே காரணம் இல்லை. ஆனால் இதுவும் ஒரு காரணம்.

பஞ்சவர்ணம் என்னிடம் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. தாள்களை வாங்கினார், அட்டைகளைக் கொடுத்தார். ஒன்று மட்டும் மாறியது. அதற்குப் பிறகு அவர் என்னிடம் வந்து, நீங்கள் எழுதியதில் இது இப்படி இருக்கிறதே என்று கேட்கவே இல்லை.

எண்பதில் ஒரு புரோகிராமர் இடம் காலியானது. உள்ளே இருப்பவர்களும் வெளியாட்களும் மனுப் போடலாம் என்று அறிவித்தார்கள். பஞ்சவர்ணம் மனுப் போட்டிருந்தார். மூன்று பேர் அடங்கிய நேர்காணல் குழு: வேதாசலம் சார், ஊழியர் விவகாரங்களைப் பார்க்கும் பெர்சனல் ஆபீசர் ராமபத்ரன், நான்.

குழுவுக்கும் வேதாசலம் சார் ஒரு முறை வைத்திருந்தார். வருகிறவருக்கு ஒரு பக்கப் புரோகிராமைக் கொடுத்துப் பத்து நிமிடம் படிக்க விடுவோம். அது என்ன செய்கிறது என்று அவர் சொல்ல வேண்டும். பிறகு கேள்விகள். அவர் வெளியே போனதும் மூவரும் பேசிக்கொள்ளாமல் ஆளுக்கொரு தாளில் இருபதுக்கு மார்க் போட்டு மடித்து வைத்துவிட வேண்டும். அதன் பிறகுதான் பிரித்துப் பார்த்துப் பேசலாம்.

பஞ்சவர்ணம் நீல நிறச் சேலையில் வந்தார். புரோகிராமைப் படித்து, அது என்ன செய்கிறது என்று சுமாராகச் சொன்னார். ராமபத்ரன் இங்கிலீஷில் கேட்ட கேள்விகளுக்கு ஒன்றிரண்டு சொற்களில் பதில் சொன்னார். குரல் கம்மிக்கொண்டே போயிற்று. வேதாசலம் சார் குறுக்கிட்டார்.

“நீங்க தமிழ்லயே சொல்லுங்க. இந்த டிபார்ட்மெண்டுக்கு வந்து அஞ்சு வருசமாச்சு. நீங்க செஞ்சதுல, இதை நான் செஞ்சேன்னு சொல்லிக்கற மாதிரி ஒரு விஷயம் சொல்லுங்க.”

பஞ்சவர்ணம் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முறைப்பு இல்லை, கெஞ்சலும் இல்லை. நேராகப் பார்த்தார். நான் என் முன்னால் இருந்த தாளில் ஏற்கெனவே எழுதியிருந்த அவருடைய பெயரின் மேலேயே மறுபடி எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்து அறையில் அட்டைகள் இயந்திரத்துக்குள் போகும் சத்தம் கேட்டது. ஒரு கட்டு முழுவதும் போய் நின்றது. அடுத்த கட்டு தொடங்கியது.

“அடிக்கற அட்டையில தப்பு வராமப் பார்த்துக்கறேன் சார். அதுதான்” என்றார்.

“வேற?”

“வேற ஒண்ணும் இல்ல சார்.”

அவர் போனார். மார்க் போட்டு மடித்தோம். வேதாசலம் சார் பிரித்தார். அவர் போட்டது எட்டு. ராமபத்ரன் ஆறு. என் தாளில் பதினெட்டு.

அவர் என் தாளைக் கையில் வைத்துக்கொண்டார். மேசை மேல் ஸ்கேல் இல்லை. இருந்தும் அது நின்றதுபோல்தான் எனக்கு இருந்தது.

“சொக்கலிங்கம், இங்க அவங்க சொன்னதுக்கு எட்டுக்கு மேல போட முடியாது. நீங்க பதினெட்டு போட்டிருக்கீங்க. எனக்குத் தெரியாதது உங்களுக்கு என்ன தெரியும்?”

சொன்னேன். சடையாண்டியின் பெயர், இருபது என்று நான் எழுதிய வரி, சர்டிபிகேட் இல்லாதவர்கள் யார் என்று பஞ்சவர்ணம் சொன்னது, பதிவேட்டில் நான் எழுதிய பெயர், எல்லாவற்றையும் சொன்னேன். ராமபத்ரன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

வேதாசலம் சார் என் தாளைத் திரும்ப மடித்தார். பிறகு, “இதை அவங்க அந்த நாற்காலியில இருந்தப்ப சொல்லியிருந்தா சாட்சி. இப்ப சொன்னா சிபாரிசு” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. ஒரு வித்தியாசத்தைச் சரியாக எடுத்துவைக்கிற குரல்தான்.

“இப்ப என்ன செய்யறது?” என்றார் ராமபத்ரன்.

“திரும்பக் கூப்பிடலாம். இவரே போய்க் கூப்பிடட்டும்.”

பஞ்ச் அறைக்குப் போனேன். பஞ்சவர்ணம் அதற்குள் தன் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தார்.

“சார் உங்களைத் திரும்பக் கூப்பிடுறாரு.”

“எதுக்கு சார்?”

“அந்த ரிட்டயர்மெண்ட் லிஸ்ட் விஷயம். நான் சொல்லிட்டேன்.”

கை நின்றது. மற்ற ஏழு பேரும் அடிப்பதை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது சத்தம் மெலிந்ததில் தெரிந்தது.

“எப்ப சொன்னீங்க?”

“இப்பத்தான். நீங்க போனப்புறம்.”

அவர் அட்டையைச் சரியாக நகர்த்தி வைத்தார். “இப்ப நான் உள்ள போனா, நீங்க சொல்லித்தான் கெடச்சதுன்னு ஆயிரும். நாளைக்கு நான் எதை எழுதினாலும் அதைத்தான் பேசுவாங்க. வேணாம் சார். நான் வரலைன்னு சொல்லிருங்க.”

“பஞ்சவர்ணம், உங்களுக்கு வர வேண்டியது இது.”

“தெரியும் சார். அதனாலதான் வரலங்கறேன்.”

திரும்பிப் போய் அப்படியே சொன்னேன். வேதாசலம் சார் தலையசைத்தார். வற்புறுத்தவில்லை. அந்த இடத்துக்குத் திருச்சியிலிருந்து வந்த ஒரு பட்டதாரியை எடுத்தோம். நல்ல பையன், நன்றாகவே வேலை செய்தான்.

மறுநாள் காலை வேதாசலம் சார் என்னைக் கூப்பிட்டு, பழைய பதிவேட்டை மேசை மேல் திறந்து வைத்தார். அந்தப் பக்கத்தை அவரே எடுத்திருந்தார். பேனாவை என் பக்கம் நகர்த்தினார். என் பெயரின் குறுக்கே கோடு போட்டு, மேலே பஞ்சவர்ணத்தின் பெயரை இனிஷியலோடு எழுதி, அன்றைய தேதியைப் போட்டுக் கையெழுத்திட்டேன். மாதக் கூட்டத்தில் அதை வாசித்தார். “இரண்டு வருசத்துக்கு முந்தின பதிவு ஒண்ணு திருத்தப்பட்டிருக்கு” என்று தொடங்கி, முழுப் பதிவையும் முதலிலிருந்து அதே குரலில் வாசித்துவிட்டு அடுத்ததற்குப் போனார். அன்று நான் திரும்பிப் பார்த்தேன். பஞ்சவர்ணம் சுவரோரமாக நின்று எல்லோரையும் போலக் கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற பெண் அவர் கையைப் பிடித்திருந்தாள்.

சீனியர் பதவியை விட்டுவிடுகிறேன் என்று ஒருநாள் வேதாசலம் சாரிடம் போய்ச் சொன்னேன். “அதனால யாருக்கு என்ன நடக்கும்?” என்று கேட்டார். யாருக்கும் ஒன்றும் நடக்காது என்றேன். “அப்ப போய் வேலையைப் பாருங்க” என்றார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. அவர் என்னை மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. முன்புபோலவேதான் நடத்தினார். ஆனால் அதன் பிறகு என் புரோகிராம்களில் ஸ்கேல் இன்னும் மெதுவாக இறங்கியது. அது நியாயம் என்றே எனக்குப் பட்டது.

ஒன்றரை வருடம் கழித்து இன்னொரு இடம் வந்தது. பஞ்சவர்ணம் மறுபடி மனுப் போட்டார். குழுவில் என்னைச் சேர்க்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். வேதாசலம் சார் படித்துவிட்டு “சரி” என்றார். நேர்காணல் நடந்த அன்று வேலை ஓடாமல் கேன்டீனில் போய் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் படியிறங்கும்போது வேதாசலம் சார் பக்கத்தில் வந்தார். “அதே கேள்வியைத்தான் கேட்டேன். இந்தத் தடவை சொன்னாங்க. பதிவேட்டை எடுத்துப் பக்கத்தைக் காட்டிச் சொன்னாங்க” என்றார். அவர் அளவுக்கு அது நிறையப் பேச்சு.

அப்படிப் பஞ்சவர்ணம் புரோகிராமர் ஆனார். தபாலில் படித்துப் பட்டமும் வாங்கினார். கல்யாணமாகி, குழந்தை பிறந்து, மூன்று மாதத்தில் திரும்பி வந்தார். எதிரெதிர் மேசைகளில் வேலை செய்தோம். காலியாக இருக்கும் கட்டங்களைப் பார்ப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. “இது ஏன் காலியா இருக்குன்னு தெரியாம இதுக்கு மேல ஒரு வரி எழுத மாட்டேன்” என்பார். நாங்கள் நண்பர்கள் ஆகவில்லை. விரோதிகளும் இல்லை. என் தப்பைப் பற்றி நாங்கள் இருவரும் அதுவரை பேசியதே இல்லை.

எண்பத்தாறு வாக்கில் கம்பெனி கப்பலூரில் ஒரு சின்னத் தொழிற்சாலை தொடங்கியது. அங்கே திரையோடு கூடிய புது மாதிரிக் கம்ப்யூட்டரை வைக்க நாங்கள் இருவரும் வாரத்துக்கு இரண்டு நாள் போய்வந்தோம். வேதாசலம் சார் அதற்கு முந்தின வருடம் ஓய்வுபெற்றிருந்தார். ஒருநாள் வேலை சீக்கிரமாகவே முடிந்துவிட்டது. கம்பெனி வேன் வர நேரமாகும் என்றார்கள். நெடுஞ்சாலை ஓரத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். நல்ல வெயில். லாரிகள் திருமங்கலம் பக்கம் போய்க்கொண்டிருந்தன. ஆறு வருடமாகக் கேட்காததை ஏன் அன்று கேட்டேன் என்று தெரியவில்லை.

“அன்னைக்கு முதல் இன்டர்வியூல சார் கேட்டப்ப, நீங்க ஏன் சொல்லல? எனக்குப் பயந்தா?”

அவர் டீ கிளாசை பெஞ்சில் வைத்தார்.

“பயம் என்ன சார் பயம். சொல்றதுக்குத்தானே வந்தேன். வீட்லயே எல்லாத்தையும் யோசிச்சு வச்சுட்டுத்தான் வந்தேன்.”

“அப்புறம்?”

“உள்ள வந்து பார்த்தா நீங்க உட்கார்ந்திருக்கீங்க. சார் கேட்டதும் உங்களைப் பார்த்தேன். நீங்களே சொல்லிருவீங்கன்னு நினைச்சேன் சார். நான் முந்திக்கிட்டா நல்லாருக்காதேன்னுதான் கொஞ்சநேரம் பேசாம இருந்தேன்.”